ஒரே வீட்டில் இரண்டு இருபத்தொன்று

2025 செப்டம்பர் மாத விசா புல்லட்டின் வந்த அன்று மாடியில் துணி மடித்துக்கொண்டிருந்தேன். கீழே இருந்து இவர் குரல் கொடுத்தார். "அப்படியேதான் இருக்கு." எது என்று நான் கேட்கவில்லை. ஏப்ரலில் இருந்தே அது அப்படியேதான் இருந்தது. இபி-2 என்ற வேலை வழிப் பிரிவு, இந்தியா, 2013 ஜனவரி 1. எங்கள் தேதி 2015 மார்ச்.

அமெரிக்காவில் எச்-1பி வேலை விசாவில் இருக்கும் குடும்பங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். எங்களுக்காக நிறுவனம் தொழிலாளர் துறையில் முதல் மனுவைப் போட்ட நாள்தான் எங்கள் பிரயாரிட்டி டேட். மாதா மாதம் வெளியுறவுத் துறை ஒரு பட்டியல் வெளியிடும், அதுதான் விசா புல்லட்டின். அதில் உள்ள தேதி நம் தேதியைத் தாண்டினால்தான் கிரீன் கார்டு. வேலை வழியாக வருடத்துக்குச் சுமார் 1,40,000 கார்டுகள். 1990-ல் போட்ட சட்டம் வைத்த கணக்கு அது. வேலை பார்ப்பவர் மட்டுமல்ல, கூட வரும் மனைவி, கணவர், பிள்ளைகள் எல்லோரும் இந்த எண்ணிக்கைக்குள்தான். இவர், நான், மகள் என்று எங்கள் வீட்டுக்கே மூன்று போய்விடும். அதிலும் எந்த ஒரு நாட்டில் பிறந்தவர்களுக்கும் 7 சதவீதத்துக்கு மேல் கிடையாது. மற்றவர்கள் எடுத்துக்கொள்ளாமல் மிச்சம் விழுந்தால் உண்டு. ஐஸ்லாந்துக்கும் 7, இந்தியாவுக்கும் 7.

கவனியுங்கள், நாட்டில் *பிறந்தவர்களுக்கு*. கையில் எந்த பாஸ்போர்ட் இருக்கிறது என்று பார்ப்பதில்லை, எங்கே பிறந்தோம் என்றுதான் பார்க்கிறார்கள். இவருடைய அலுவலகத்தில் ஒரு யாழ்ப்பாணத்துக்காரர் இருக்கிறார். இரண்டு பேரும் ஒரே வேலை, ஒரே வக்கீல், மனு போட்டதும் ஒரே வருடம். 2017-ல் அவர் கைக்குக் கார்டு வந்துவிட்டது. 2024 தேர்தலில் ஓட்டும் போட்டார். அவர் பிறந்தது பாக் நீரிணைக்கு அந்தப் பக்கம், அவ்வளவுதான் வித்தியாசம். கணவன் மனைவியில் ஒருவர் வேறு நாட்டில் பிறந்திருந்தால் இருவருமே அந்த நாட்டு வரிசைக்குப் போய்விடலாம் என்றும் ஒரு விதி உண்டு. அதனால் இங்கே கல்யாணமாகாத பையன்கள், "கட்டம் பொருந்தாட்டா பரவாயில்ல, வளைகுடால பிறந்த பொண்ணா பாருங்க" என்று வீட்டில் சொல்வதாக ஒரு ஜோக் ஓடிக்கொண்டிருக்கும். முதல் தடவை கேட்டபோது சிரித்தேன்.

எங்கள் தேதி 2015-க்குத் தள்ளிப்போனதற்கும் ஒரு கதை இருக்கிறது. 2010-ல் வந்தோம். 2013-ல் இவருடைய பழைய நிறுவனத்தில் கிரீன் கார்டு பேச்சை எடுத்தபோது, "செனட்டில் பெரிய சட்டம் வருகிறது, எல்லாமே மாறப்போகிறது, இப்போது எதற்கு அவசரம்?" என்றார்கள். பொய்யில்லை, உண்மையிலேயே வந்தது. 2013 ஜூனில் 68-க்கு 32 என்று செனட்டில் நிறைவேறியது. ஆவணம் இல்லாமல் இங்கே வாழும் லட்சக்கணக்கானவர்களுக்குப் பதிமூன்று வருடத்தில் குடியுரிமைக்கு ஒரு வழி, வேலை வழிக் கார்டுகளுக்கு நாட்டு வரம்பு நீக்கம், மனைவி மக்களை எண்ணிக்கையில் சேர்க்காமல் விடுவது என்று எல்லாம் அதில் இருந்தது. பிரதிநிதிகள் சபையில் அதை வாக்கெடுப்புக்கே எடுக்கவில்லை. இவர் வேலை மாறி, புது இடத்தில் மனு போட 2015 மார்ச் ஆகிவிட்டது. நிறைவேறாத ஒரு சட்டத்தை நம்பி இரண்டு வருடத்தைத் தொலைத்தோம்.

அந்த இரண்டு வருடத்தின் விலை 2022-ல்தான் உறைத்தது. கோவிட் சமயத்தில் தூதரகங்கள் மூடிக் கிடந்ததால் குடும்ப வழிக் கார்டுகள் மிஞ்சிப்போய், அவை அடுத்த வருடங்களில் வேலை வழிக்கு வந்து சேர்ந்தன. இந்தியாவின் தேதி குதிரை மாதிரி ஓடியது. அப்படி வந்ததிலும் 2021-ல் அறுபதாயிரத்துக்கும் மேல் உரிய நேரத்தில் கொடுத்து முடிக்காமல் வீணாய்ப் போனது தனி வயிற்றெரிச்சல். 2022 செப்டம்பரில் தேதி 2014 டிசம்பர் 1-க்கு வந்து நின்றது. எங்களுக்கு மூன்றரை மாதம்தான் பாக்கி. மருத்துவப் பரிசோதனைக்கு எந்த டாக்டர், தடுப்பூசிச் சீட்டு எங்கே, பிறப்புச் சான்றிதழில் பெயர் எழுத்து சரியாக இருக்கிறதா என்று நீலக் கோப்பு ஒன்றில் எல்லாவற்றையும் அடுக்கி வைத்தேன். அக்டோபரில் தேதி 2012-க்குப் போனது. டிசம்பரில் 2011. இந்த ஊர் ஆங்கிலத்தில் இதற்கு ரெட்ரோக்ரஷன் என்று கௌரவமான பெயர் இருக்கிறது. அப்போது மூன்றரை மாதத் தூரத்தில் இருந்தவர்கள், மூன்று வருடம் காத்திருந்துவிட்டு 2025 செப்டம்பரில் இரண்டு வருடம் இரண்டு மாதத் தூரத்தில் நின்றோம். நானும் கணக்கு டீச்சராக இருந்தவள்தான். இந்தக் கணக்கு மட்டும் பிடிபடவில்லை.

எங்களுக்காகவாவது காத்திருந்து தொலைக்கலாம். ஐ-140 (நிறுவனம் நமக்காகப் போடும் கிரீன் கார்டு மனு) அங்கீகாரம் கையில் இருப்பதால் எச்-1பி மூன்று மூன்று வருடமாக நீண்டுகொண்டே போகும். இவருக்கு வேலை போனால் அறுபது நாளில் வேறு வேலை, இல்லையென்றால் கிளம்பு என்ற கத்தி தலைக்கு மேல் தொங்கும், தொங்கட்டும், பழகிவிட்டது. பிரச்சினை மகளுக்கு.

அவள் பிறந்தது 2004 டிசம்பர். இங்கே வந்தபோது ஐந்து வயது. வரும் டிசம்பரில் 21. அந்தப் பிறந்தநாள் அன்று சட்டத்தின் கண்ணில் அவள் எங்கள் குழந்தை இல்லை. எங்கள் மனுவிலிருந்து அவள் பெயர் விழுந்துவிடும். அவள் கையில் இருக்கும் எச்-4 என்ற குடும்ப விசா அன்றோடு முடியும்.

இதற்கு ஒரு மருந்து மாதிரி 2002-ல் ஒரு பாதுகாப்புச் சட்டம் போட்டார்கள். ஐ-140 மனு எத்தனை நாள் அலுவலகத்தில் கிடந்ததோ அத்தனை நாளைப் பிள்ளையின் வயதிலிருந்து கழித்துக்கொள்ளலாம். நல்ல சட்டம்தான். ஆனால் நாங்கள் என்ன செய்தோம் தெரியுமா? சீக்கிரம் கிடைக்கட்டும் என்று 1,225 டாலர் கூடுதலாகக் கட்டி, பதினைந்தே நாளில் பதில் வருகிற பிரீமியம் வழியில் போட்டோம். கழிப்பதற்கு இப்போது சில நாட்கள்தான் இருக்கின்றன. சும்மா விட்டிருந்தால் பல மாதம் கிடந்திருக்கும், அத்தனையும் அவள் வயதில் குறைந்திருக்கும். காசு கொடுத்து மகளுக்கு வயதை ஏற்றியிருக்கிறோம். (அதோடு, புல்லட்டினில் இருக்கும் இரண்டு பட்டியல்களில் எதன் தேதியை வைத்துப் பிள்ளைகளின் வயதை நிறுத்துவது என்ற விதியையும் 2025 ஆகஸ்ட் 15 முதல் இறுக்கிவிட்டார்கள். எங்களுக்கு இரண்டு பட்டியலுமே எட்டாத தூரத்தில் இருப்பதால் கூடுதல் நஷ்டம் இல்லை. தப்பிவிடுவோம் என்று நம்பியிருந்த வேறு சில வீடுகளில் அன்று தூக்கம் போயிருக்கும்.)

அவள் தம்பி இங்கே கொலம்பஸில் 2012-ல் பிறந்தவன். பிறந்த நிமிடத்திலிருந்து அமெரிக்கக் குடிமகன். 1898-ல் வாங் கிம் ஆர்க் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது அவனையும் காப்பாற்றுகிறது. எங்களைப் போலத் தற்காலிக விசாவில் இருப்பவர்களுக்கு இனிப் பிறக்கும் குழந்தைகளுக்கு அது கிடையாது என்று 2025 ஜனவரி 20-ல் ஒரு உத்தரவு கையெழுத்தானது. அந்த வருடமே நீதிமன்றங்கள் அதைத் தடுத்து வைத்தன. ஆக ஒரே வீட்டில் இரண்டு 21. மகள் 21-ஐத் தொட்டால் அவள் உரிமை போகிறது. மகன் 2033-ல் 21-ஐத் தொட்டால் எங்கள் இருவருக்கும் அவன் கிரீன் கார்டு வாங்கித் தரலாம். குடிமக்களின் பெற்றோருக்கு வரிசையே கிடையாது. இவர் இப்போதே அவனிடம் பணிவாக நடந்துகொள்கிறார்.

"அக்காவுக்கும் நானே ஸ்பான்சர் பண்றேன்" என்றான் பெரிய மனிதன் மாதிரி. 2025 செப்டம்பரில் உடன்பிறந்தவர்களுக்கான இந்திய வரிசை 2006-ல் நின்றது. கிட்டத்தட்ட பத்தொன்பது வருடம். அவன் 2033-ல் போட்டு, வரிசையும் இதே வேகத்தில் போனால் அக்காவுக்கு வயது ஐம்பதை நெருங்கும். நான் சொல்லவில்லை. அவனே போனில் போட்டுப் பார்த்துவிட்டு எழுந்து போனான்.

மகள் பதினாறு வயதில் சிநேகிதிகள் எல்லோரும் கோடை விடுமுறையில் கடைகளில் வேலைக்குப் போனபோது வீட்டில் இருந்தாள். எச்-4 பிள்ளைகள் ஒரு டாலர்கூடச் சம்பாதிக்கக் கூடாது. கல்லூரிக்கு அரசாங்கத்தின் உதவித்தொகை படிவத்தை வகுப்பே உட்கார்ந்து நிரப்பிய அன்று, ஆலோசகர் இவளிடம் "உனக்கு ஏன் வராது? நீ டாக்கா-வா?" என்று கேட்டிருக்கிறார். ஆவணம் இல்லாமல் சிறுவயதில் வந்த பிள்ளைகளுக்கு 2012-ல் ஒபாமா கொடுத்த தற்காலிகப் பாதுகாப்பு அது. அதைப் பெற, 2007 ஜூனிலிருந்தே இங்கே வாழ்ந்திருக்க வேண்டும், 2012 ஜூன் 15-ல் சட்டப்படியான அந்தஸ்து *இல்லாமல்* இருந்திருக்கவும் வேண்டும். இவள் வந்ததே 2010-ல், அன்று அந்தஸ்தும் இருந்தது. முன்னாலேயே வந்திருந்தாலும், ஒழுங்காக விசா வாங்கி வந்தது தகுதிக் குறைவாகியிருக்கும்.

இதைச் சொன்னால் எங்கள் வாட்ஸப் குழுவில் உடனே ஒரு கோஷ்டி கிளம்பும். "நாம் சட்டப்படி வந்தோம், அவர்களுக்குத்தான் எல்லாம் செய்கிறார்கள்" என்று. எனக்கு அதில் சம்மதமில்லை. டாக்கா பிள்ளைகளுக்கும் கிடைத்திருப்பது இரண்டு இரண்டு வருடமாகப் புதுப்பிக்கும் ஒரு காகிதம், குடியுரிமைக்கு வழி இல்லை. அவர்களுக்கான ட்ரீம் சட்டம் 2010-ல் செனட்டில் 55 ஓட்டு வாங்கியும் தோற்றது, 60 வேண்டும் என்பதால். கடைசியாக உருப்படியாக ஏதாவது நடந்தது 1986-ல். ரீகன் கையெழுத்திட்டு, 27 லட்சம் பேர் வரைக்கும் சட்டப்படியானவர்களாக ஆனார்கள். அப்போது இவருக்கே ஒன்பது வயது.

"வரிசையில் வாங்க" என்று இங்கே அரசியல்வாதிகள் சொல்லும்போது எனக்குச் சிரிப்பு வரும். எந்த வரிசை? ஆவணம் இல்லாத பெரும்பாலோருக்கு நிற்க வரிசையே இல்லை. எங்களுக்கு வரிசை இருக்கிறது, அது நகர்வதில்லை.

2020 டிசம்பர் 2 நன்றாக நினைவிருக்கிறது. நாட்டு வரம்பை எடுக்கும் மசோதா முந்தைய வருடமே பிரதிநிதிகள் சபையில் 365-க்கு 65 என்று தாண்டியிருந்தது. அன்று செனட்டிலும் எதிர்ப்பில்லாமல் நிறைவேறியது. குழுவில் எல்லோரும் வாழ்த்துப் படம் அனுப்பினோம். ஆனால் இரண்டு அவையின் வாசகமும் ஒன்றில்லை. சேர்த்துத் தைக்க ஒரு மாதம் இருந்தது. ஜனவரி 3-ம் தேதியோடு அந்தக் காங்கிரஸ் முடிந்தது, மசோதாவும் முடிந்தது.

அந்த மசோதாவைப் பற்றி நான் நினைப்பது குழுவில் யாருக்கும் பிடிக்காது. என்னோடு வேலை பார்க்கும் ஒருத்தி ஈரானில் பிறந்தவள், அவள் கணவரும் இதே இபி-2 தான். 1,40,000-ஐக் கூட்டாமல் நாட்டு வரம்பை மட்டும் எடுத்தால் எங்கள் காத்திருப்பில் ஒரு பகுதி அவர்கள் தலையில் ஏறும். அவளுடைய பயம் நியாயமானது. குடும்பத்தாரை எண்ணாமல் விட்டாலே கார்டுகள் இரண்டு மடங்குக்கு மேல் ஆகும், யாரும் யாரோடும் சண்டை போட வேண்டாம். அதுவும் முடியாதென்றால், பிள்ளை எந்த வயதில் மனுவில் சேர்ந்ததோ அந்த வயதிலேயே நிறுத்திவைக்கும் ஒரே ஒரு பிரிவை மட்டுமாவது நிறைவேற்றட்டும். அதற்கும் மசோதா இருக்கிறது, இரண்டு கட்சியிலும் ஆதரிப்பவர்கள் இருக்கிறார்கள். ஆனால் ஒரு பக்கம், "எல்லோருக்கும் சேர்த்துப் பெரிய சட்டம் வரட்டும், பிரித்தால் மற்றவர்களை மறந்துவிடுவார்கள்" என்கிறது. இன்னொரு பக்கம், "முதலில் எல்லை, அப்புறம்தான் மற்றதெல்லாம்" என்கிறது. நடுவில் பிள்ளைகளுக்கு வயதாகிறது. 1929-லிருந்து ரெஜிஸ்ட்ரி என்று ஒரு பிரிவு இருக்கிறது. குறிப்பிட்ட தேதிக்கு முன்னாலிருந்து தொடர்ந்து இங்கே வாழ்பவர் நேரே கிரீன் கார்டு கேட்கலாம். அந்தத் தேதியை அவ்வப்போது முன்னுக்கு நகர்த்திக்கொண்டே வந்தார்கள். கடைசியாக நகர்த்தியது 1986-ல். இன்றைக்கும் அது 1972 ஜனவரி 1-ல்தான் நிற்கிறது. ஒரு வரியில் ஒரு தேதியை மாற்றும் வேலை.

நான் வேலை பார்ப்பது ஒரு நூலகத்தில். எச்-4-ல் இருக்கும் மனைவி அல்லது கணவருக்கு, அதுவும் ஐ-140 அங்கீகாரம் போன்றவை இருந்தால், வேலை அனுமதி 2015-ல்தான் வந்தது. எனக்கு அந்த அட்டை கிடைத்தது மறு வருடம். அதற்கு முன் ஐந்தரை வருடம் வீட்டில். செவ்வாய்க்கிழமை மாலைகளில் குடியுரிமை வகுப்பு நடத்துவது என் பொறுப்பு. ஆம், குடிமகளாக முடியாதவள்தான் குடிமக்களைத் தயார் செய்கிறேன். 2025 அக்டோபர் 20-க்கு முன்னால் மனு போட்டவர்களுக்கு நூறு கேள்விகள், அதிகாரி பத்து கேட்பார், ஆறு சரியாகச் சொல்ல வேண்டும். நூறும் எனக்குத் தூக்கத்தில் வரும்.

வகுப்பில் 68 வயதுத் தாத்தா ஒருவர் இருக்கிறார். 1990 வாக்கில் பூட்டானிலிருந்து விரட்டப்பட்டு, நேபாளத்து முகாமில் இருபது வருடத்துக்கும் மேல் கிடந்து, 2012-ல் அகதியாக இங்கே வந்தவர். என்னை நானி என்றுதான் கூப்பிடுவார். நேபாளியில் குழந்தை என்று அர்த்தம். 55 வயதுக்கு மேல் ஆகி, கிரீன் கார்டோடு பதினைந்து வருடம் இருந்தவர்கள் தங்கள் மொழியிலேயே தேர்வில் பதில் சொல்லலாம். இவருக்கு இன்னும் இரண்டு வருடம் பாக்கி. பொறுங்கள், 2027-ல் நேபாளியிலேயே சொல்லிவிடலாம் என்றேன். மாட்டேன் என்றார். 2025 மார்ச்சில் அவரைப் போன்ற பூட்டானிய அகதிகள் சிலரைப் பிடித்து பூட்டானுக்கே அனுப்பினார்கள்; பூட்டான் அவர்களைத் திரும்பவும் வெளியே தள்ளியது. பழைய குற்ற வழக்கு இருந்தவர்கள்தான் என்றார்கள். தாத்தா மேல் ஒரு டிராஃபிக் அபராதம்கூடக் கிடையாது. ஆனாலும் காத்திருக்க மாட்டாராம். இருபது வருடத்துக்கும் மேல் காகிதம் இல்லாமல் வாழ்ந்தவரிடம் என்ன வாதாடுவது?

அவர்தான் போன மாதம் கேட்டார். "நானி, உன் இன்டர்வியூ எப்போ?"

எனக்கு இன்டர்வியூ இல்லை என்றேன். கிரீன் கார்டே இன்னும் வரவில்லை, அது வந்து ஐந்து வருடம் ஆன பிறகுதான் இதெல்லாம் என்றேன். அவருடைய பேத்தி மொழிபெயர்த்துச் சொன்னாள். தாத்தா அவளிடம் ஏதோ திருப்பிக் கேட்டார். அவள் சங்கடமாகச் சிரித்தாள். "அவ என்ன தப்பு பண்ணினான்னு கேக்கறார்" என்றாள்.

உண்மையைச் சொன்னால், முதல் வருடம் அந்த வகுப்பில் எனக்குப் பொறாமை இருந்தது. அகதியாக வந்தவருக்கு ஒரு வருடத்தில் கிரீன் கார்டு கேட்க வழி இருக்கிறது, ஐந்து வருடக் கணக்கும் விமானத்தை விட்டு இறங்கிய நாளிலிருந்தே. முகாமைப் பற்றி அவர்கள் சொல்லக் கேட்ட பிறகு அந்தப் பொறாமை கொஞ்சம் கொஞ்சமாகப் போனது. முழுக்கப் போய்விட்டது என்று சொல்ல மாட்டேன்.

போன வாரம் மகளுக்கு ஐ-539 படிவம் நிரப்பினோம். எச்-4 முடியும் முன் எஃப்-1 மாணவர் அந்தஸ்துக்கு மாற வேண்டும். பதினைந்து வருடமாக இங்கே இருப்பவள், இனி வெளிநாட்டு மாணவி. கூட ஒரு கடிதம் வைக்க வேண்டும். வெளிநாட்டில் தனக்கு ஒரு வீடு இருக்கிறது, அதை விட்டுவிடும் எண்ணம் இல்லை, படிப்பு முடிந்ததும் திரும்புவேன் என்று. வக்கீல் மாதிரிக் கடிதம் ஒன்று அனுப்பியிருந்தார். சாப்பாட்டு மேஜையில் லேப்டாப்பை வைத்து அவள் தட்டச்சு செய்தாள், நான் பக்கத்தில். முகவரி என்று வந்த இடத்தில் நின்றாள்.

"அம்மா, எந்த அட்ரஸ்?"

"ஊர்ல இருக்கிற உன் தாத்தா வீடு போடு."

"தாத்தா இல்லையே."

"வீடு இருக்குல்ல. உங்கப்பா பேர்லதான் இருக்கு."

அங்கே இப்போது வாடகைக்கு ஒரு குடும்பம் இருக்கிறது. கதவு எண்ணை நான் சொன்னேன், தெருப் பெயரையும் நானே எழுத்துக் கூட்டிச் சொன்னேன். "ரிட்டர்ன்" என்ற சொல்லை மட்டும் அவள் இரண்டு தடவை அழித்து அழித்து அடித்தாள். வேறு சொல் கிடைக்கவில்லை போல, கடைசியில் அதையே விட்டுவிட்டாள்.

இந்தச் செவ்வாய் கார் என்னிடம் இல்லாததால் அவள்தான் என்னை நூலகத்தில் கொண்டுவந்து விட்டாள். கிளம்பாமல் உள்ளே வந்து உட்கார்ந்தாள். வகுப்புத் தாத்தாவுக்கு அடுத்த மாதம் 23-ம் தேதி இன்டர்வியூ. கேள்வி அட்டைகளை எடுத்துக்கொண்டு அவருக்கு எதிரில் உட்கார்ந்து, மெதுவாக, ஒவ்வொரு சொல்லாகக் கேட்க ஆரம்பித்தாள். நாட்டின் உச்சச் சட்டம் எது? சொல்லிவிட்டார். சுதந்திரப் பிரகடனத்தை எழுதியவர் யார்? ஜெஃபர்சனை அவர் ஜெப்பர்சன் என்பார், பரவாயில்லை. நாற்பத்தொன்பதாவது கேள்வி, அமெரிக்கக் குடிமக்களுக்கு மட்டுமே உள்ள ஒரு பொறுப்பு எது? தாத்தா கண்ணை மூடிக்கொண்டு யோசித்தார்.

"வோட்" என்றார். அப்புறம் கண்ணைத் திறந்து, அவருக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் அவளைக் கேட்டார். "யூ வோட்?"

"நோ" என்றாள். அட்டையைத் திருப்பிப் போட்டு ஐம்பதாவதை எடுத்தாள்.